மறுகால் எப்போது விழுந்தது? காலப்படிகளும் நிகழ்வுகளும்

பாபநாசம் அணையின் உச்ச நீர்மட்டம் 143 அடி. சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் நெல்லைச் சீமையில் காலையில் நாளிதழைப் பிரித்ததும் பலர் கண் தேடுவது இந்த அணைகளின் மட்டத்தைத்தான். பாபநாசம் நேற்று 142.20, இன்று 142.60 என்று போட்டிருந்தால், இன்னும் நிரம்பவில்லை என்று எடுத்துக்கொள்வோம். நடுவில் ராத்திரி இரண்டு மணிக்கு மட்டம் 143-ஐத் தொட்டு, ஷட்டரைத் திறந்து, விடிவதற்குள் இறங்கியும் இருந்தால்? அச்சான இரண்டு எண்களிலும் அதற்குத் தடயமே இருக்காது.

ஓர் அளவு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று சொல்லும் வகைக்கெழுச் சமன்பாடுகளைக் காலத்தில் நகர்த்தித் தீர்க்கும் மென்பொருள்கள், அதாவது சால்வர்கள், உலகத்தைப் பார்ப்பதும் இப்படித்தான். ஒரு நேரத்தில் நிற்கும், ஒரு படி தாண்டும், அடுத்த நேரத்தில் நிற்கும். படி எவ்வளவு நீளம் என்பதைப் பிழை மதிப்பீடு முடிவு செய்கிறது. நடுவில் ஷட்டர் திறந்ததா, மோட்டார் நின்றதா என்பது அந்த முடிவுக்குத் தெரியவே தெரியாது. இந்த வகை நிரல்களில் வரும் தவறான விடைகளில் பெரும்பகுதிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. முறை தேர்ந்தெடுத்தது தவறு என்று பலர் தேடுகிறார்கள். முறை பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். சமன்பாடு எந்த இடத்தில் மாறுகிறது என்பதை யாரும் அதனிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கணக்குக்கு ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். நீர்ப்பரப்பு 40 ஹெக்டேர், அதாவது 4 லட்சம் சதுர மீட்டர். மட்டத்தோடு பரப்பு மாறாது என்று எளிமைக்காக வைத்துக்கொள்கிறேன். நிஜக் குளத்துக்கு மட்டமும் பரப்பும் சேர்ந்த அட்டவணை வேண்டும். மடையின் வாய் அரை மீட்டருக்கு அரை மீட்டர் சதுரம். வாயின் அடிமட்டத்தைச் சுழியம் என்று கொண்டால், குளம் நிரம்பி வழியும் மறுகாலின் தளம் 3 மீட்டர் உயரத்தில், 20 மீட்டர் நீளத்தில் இருக்கிறது.

மட்டம் மாறும் வேகம் = (வரத்து − மடைப்போக்கு − மறுகால் − ஆவியாதல்) ÷ பரப்பு. மடைப்போக்குக்கு 0.6 × 0.25 × √(2 × 9.81 × வாயின் நடுவிலிருந்து நீரின் உயரம்). குளம் நிறைந்து நிற்கும்போது அந்த உயரம் 2.75 மீட்டர், போக்கு வினாடிக்கு 1.1 கன மீட்டர், நம்மூர்க் கணக்கில் சுமார் 39 கன அடி. இதனால் மட்டம் நாளொன்றுக்கு 24 சென்டிமீட்டர் இறங்கும். மறுகாலுக்கு 1.7 × 20 × தளத்துக்கு மேல் நிற்கும் உயரத்தின் 1.5-ஆம் அடுக்கு: 10 சென்டிமீட்டர் மேலே நின்றால் வினாடிக்கு 1.07 கன மீட்டர், 30 சென்டிமீட்டர் நின்றால் 5.6. ஆவியாதல் நாளைக்கு 5 மில்லிமீட்டர். இவ்வளவுதான் மாதிரி. ஆனால் இதற்குள் சால்வரைத் தடுக்கிவிடக்கூடிய இடங்கள் ஏழெட்டு ஒளிந்திருக்கின்றன.

படி எப்படி முடிவாகிறது

பைத்தான் மொழியின் சைபை நூலகத்தில் இயல்பாக வரும் முறையும், மேட்லேப் மென்பொருளின் ஓடிஇ45-உம் ஒன்றுதான்: டோர்மண்டும் பிரின்ஸும் 1980-இல் வெளியிட்ட ஐந்தாம் வரிசை முறை. ஒரு படிக்குள் வேகத்தை ஆறு முறை புதிதாகக் கணக்கிட்டு, ஐந்தாம் வரிசையில் ஒரு விடை, நான்காம் வரிசையில் ஒரு விடை என இரண்டை உண்டாக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே பிழை மதிப்பீடு. அதை ‘தனிப் பிழை வரம்பு + சார்புப் பிழை வரம்பு × தற்போதைய மதிப்பு’ என்ற அளவால் வகுப்பார்கள். வகுத்தது 1-க்குக் கீழே வந்தால் படி ஏற்கப்படும். மேலே போனால் படி தள்ளப்பட்டு, அதே இடத்திலிருந்து சிறிய படியோடு மறுபடி தொடங்கும். புதிய படி = பழைய படி × 0.9 × (1/பிழை)-இன் ஐந்தில் ஒன்று அடுக்கு. பிழை 32 மடங்கு வந்தால் அடுக்கு பாதியைத் தரும், 0.9 சேர்ந்தால் படி 0.45 மடங்காகும். சைபையில் ஒரே முயற்சியில் படி ஐந்தில் ஒன்றுக்குக் கீழே சுருங்காது, பத்து மடங்குக்கு மேல் வளராது.

அந்த ‘ஐந்தில் ஒன்று’ இலவசமாக வந்ததல்ல. தீர்வு வழவழப்பாக இருக்கிறது, உயர் வரிசை வகைக்கெழுக்கள் எல்லாம் உண்டு என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. படியின் நடுவில் யாரோ மடையைத் திறந்துவிட்டால் அந்த நம்பிக்கை உடைந்துபோகும். பிழை படியின் ஐந்தாம் அடுக்காகக் குறையாமல் வெறும் முதல் அடுக்காகத்தான் குறையும். வாய்ப்பாடு தவறான படியையே திரும்பத் திரும்பப் பரிந்துரைக்கும்.

நம் குளத்தில் மடை திறந்ததும் மட்டத்தின் வேகம் வினாடிக்கு 0.0000028 மீட்டர் குதிக்கிறது. சார்பு வரம்பு 0.001 என்ற இயல்பு மதிப்பில், 3 மீட்டர் மட்டத்துக்கு அனுமதி 3 மில்லிமீட்டர். ஒன்றை ஒன்றால் வகுத்தால், குதியைத் தாண்டும் படி ஏறக்குறைய 18 நிமிடம் என்ற அளவுக்குச் சுருங்க வேண்டியிருக்கும். பரவாயில்லை, தாண்டிவிடும். வரம்பைப் பத்து லட்சத்தில் ஒன்று என்று இறுக்கினால் அதே படி ஒரு வினாடி அளவுக்குப் போகும். பத்து மணி நேரப் படியோடு வந்துகொண்டிருந்த சால்வர் ஒரு வினாடிக்கு இறங்க ஏழெட்டுத் தள்ளுபடி ஆகும். சுருங்கிய படி குதிக்கு முன்னாலேயே முடிந்தால் ஏற்கப்படும், படி மீண்டும் வளரும், மறுபடி குதியில் மோதும், மறுபடி சுருங்கும். இருட்டில் வரப்பைக் காலால் தடவித் தேடுவதுபோல் அது குதியைத் தேடிக்கொண்டிருக்கும். ‘துல்லியத்தைக் கூட்டினேன், நிரல் ஒரேயடியாக மெதுவாகிவிட்டது’ என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: எந்த நேரத்தில் படிகள் தள்ளப்படுகின்றன என்று அச்சிட்டுப் பாருங்கள். ஒரே நேரத்தைச் சுற்றிக் குவிந்திருந்தால் அங்கே ஒரு முறிவு இருக்கிறது.

தாண்டிப்போன வெள்ளம்

மெதுவாவது சின்னக் குறை. பெரிய குறை, சத்தமே இல்லாமல் தாண்டிப்போவது. மழையில்லாத நாட்களில் குளம் மடை வழியே மட்டும் இறங்குகிறது. இந்த இறக்கம் மிக வழவழப்பானது. ஆவியாதலை விட்டுவிட்டால் மட்டம் காலத்தின் இருபடிக் கோவைதான். பிழை மதிப்பீடு மிகச் சிறிதாக வரும், படி வளர்ந்துகொண்டே போகும், ஐந்து நாள் என்றுகூட ஆகும். ஐந்து நாள் என்றால் 120 மணி. டோர்மண்ட்–பிரின்ஸ் முறை ஒரு படிக்குள் வேகத்தைப் பார்க்கும் இடங்கள் 0, 1/5, 3/10, 4/5, 8/9, 1 என்ற பின்னங்கள். மணிக்கணக்கில் 0, 24, 36, 96, 106.7, 120. இப்போது 60-ஆவது மணியில் காட்டாற்று வெள்ளம் ஒன்று வினாடிக்கு 30 கன மீட்டர் வீதம் மூன்று மணி நேரம் குளத்துக்குள் வந்தால்? 36-க்கும் 96-க்கும் நடுவில் சால்வர் எட்டிப் பார்க்கவே இல்லை. 3,24,000 கன மீட்டர் தண்ணீர், மட்டத்தில் 81 சென்டிமீட்டர், கணக்கில் ஏறாமலே போகும். பிழை மதிப்பீடும் ஒன்றும் சொல்லாது, ஏனென்றால் இரண்டு விடைகளும் அதே ஆறு இடங்களிலிருந்து பிறந்தவை. அடுத்த படி இன்னும் நீளமாகும்.

பலர் உடனே கை வைப்பது அதிகபட்சப் படி என்ற அமைப்பில். ஒரு மணி என்று கட்டினால் வெள்ளம் தப்பாது என்பது உண்மைதான். ஆனால் 30 நாளுக்கு 720 படி, 4,320 முறை வேகக் கணக்கு. அதிலும் வெள்ளம் தொடங்கும் விளிம்பும் முடியும் விளிம்பும் படியின் நடுவில்தான் விழும். இதைத் தற்காலிக முட்டுக்கட்டை என்றுதான் சொல்வேன். (மேட்லேப் இயல்பாகவே மொத்தக் காலத்தில் பத்தில் ஒன்றுக்கு மேல் படியை விடாது. 30 நாளில் பத்தில் ஒன்று 3 நாள். மூன்று மணி வெள்ளத்துக்கு அந்தக் காவல் போதாது.)

நேரம் முன்கூட்டியே தெரிந்த மாற்றங்களுக்குச் சரியான வழி, அந்த நேரத்தில் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவது. 0 முதல் 60, 60 முதல் 63, 63 முதல் 720 என்று மூன்று தனி ஓட்டங்கள். ஒன்றின் கடைசி மட்டம் அடுத்ததன் தொடக்க மட்டம். சன்டயல்ஸ் என்ற சால்வர் தொகுப்பின் சி-வோடில் நிறுத்த நேரம் என்று ஒன்றைக் கொடுக்கலாம். ஜூலியா மொழியின் சால்வர்களில் நிற்க வேண்டிய நேரங்களைப் பட்டியலாகவே கொடுக்கலாம். சைபையில் ஒரு ஃபார் சுழல் போட்டு நாமே செய்துகொள்ள வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, பலர் சறுக்கும் இடம். 60-இல் முடியும் ஓட்டத்தின் கடைசிக் கணக்கு சரியாக 60-ஆவது மணியில் நடக்கும். வேக ஃபங்ஷனுக்குள், அதாவது மட்டம் மாறும் வேகத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் நிரல் பகுதிக்குள், ‘நேரம் 60-க்குச் சமமோ அதிகமோ என்றால் வரத்து 30’ என்று எழுதியிருந்தால், வெள்ளத்துக்கு முந்தைய துண்டின் கடைசிக் கணக்கிலேயே வெள்ளம் புகுந்துவிடும். பிழை மதிப்பீடு கலங்கும், கடைசிப் படி காரணமில்லாமல் சுருங்கும். நேரத்தைப் பார்த்து வரத்தை முடிவு செய்யும் வேலையை அந்த ஃபங்ஷனிடம் விடாதீர்கள். துண்டுக்குத் துண்டு வரத்தை வெளியிலிருந்து மாறிலியாக அனுப்புங்கள்.

மணிக்கு மணி மழை அளவு கையில் இருந்தால் ஒவ்வொரு மணியும் ஒரு முறிவு. 2023 டிசம்பர் 17, 18 பெருமழையை எடுத்துக்கொண்டால், காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் பதிவானது 95 சென்டிமீட்டர். சராசரியே மணிக்கு 4 சென்டிமீட்டர். நாள் மொத்தத்தை 24-ஆல் வகுத்து ஒரே சீராகப் பெய்ததாக வைத்தால் சால்வர் மகிழ்ச்சியாக ஓடும், மறுகாலின் உச்சம் மட்டும் குறைந்து வரும். மணிக்கணக்குத் தரவு இருந்தால் அதை மணித்துண்டுகளாகவே ஓட்டுங்கள். இப்படி அடிக்கடி நின்று தொடங்கும் வேலைக்கு, பழைய படிகளை நினைவில் வைத்து நடக்கும் பலபடி முறைகள் பொருந்தாது. பிடிஎஃப் போன்றவை ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் முதல் வரிசையில், மிகச் சிறிய படியோடு ஆரம்பித்து வரிசையை மெல்ல ஏற்றும். ஐந்தாம் வரிசைக்கு ஏறுவதற்குள் அடுத்த மணி வந்துவிடும். சமன்பாடு விறைப்பானதாக (மிக வேகமான மாற்றமும் மிக மெதுவான மாற்றமும் கலந்ததாக) இருந்து, படி முடிவின் மதிப்பையே சமன்பாடாக வைத்துத் தீர்க்கும் உள்ளார்ந்த முறைதான் வேண்டும் என்றால், ராடாவ் போன்ற ஒருபடி முறையை எடுங்கள்.

மட்டம் சொல்லும் நிகழ்வு

நேரம் தெரியாது, மட்டம்தான் தெரியும் என்பது அடுத்த வகை. மறுகால் எப்போது விழும்? ‘மட்டம் − 3’ என்று ஒரு நிகழ்வுச் சார்பு எழுதிக் கொடுத்தால், ஒவ்வொரு படியின் இரு முனையிலும் அதன் குறி மாறியிருக்கிறதா என்று சால்வர் பார்க்கும். மாறியிருந்தால் அந்தப் படிக்குள் தீர்வை ஒரு கோவையாகப் பொருத்தி, அதன் மேல் மூலத்தை, அதாவது நிகழ்வுச் சார்பு சுழியமாகும் நேரத்தை, தேடும். சைபை இதற்குப் பிரென்ட் முறையையும், சி-வோட் இல்லினாய் முறை எனப்படும் திருத்திய வெட்டுக்கோட்டு முறையையும் பயன்படுத்துகின்றன. தேடல் கோவையின் மேல் மட்டுமே நடப்பதால் வேக ஃபங்ஷனை மறுபடி கூப்பிட வேண்டியதில்லை. மலிவான வேலை.

முனைகளில் மட்டும் பார்ப்பதால் நாளிதழின் குறை இங்கேயும் வரும். ஒரு படிக்குள் மட்டம் 3 மீட்டரைத் தாண்டி ஏறி, அதே படிக்குள் இறங்கியும் விட்டால் இரு முனையிலும் குறி ஒன்றே. நிகழ்வு நடக்கவே இல்லை என்று பதிவாகும். ஜூலியாவில் தொடர் நிகழ்வுகளுக்குப் படியின் உள்ளே இயல்பாகப் பத்துப் புள்ளிகளில் கூடுதலாகப் பார்க்கும் ஏற்பாடு உண்டு. சைபையில் இல்லை. அங்கே அதிகபட்சப் படியைக் கட்டுவது நியாயமான மருந்து. நீங்கள் தவறவிடக் கூடாத மிகக் குறுகிய மறுகால் எவ்வளவு நேரமோ, அதில் பாதிக்கும் கீழே வையுங்கள்.

கண்டுபிடித்த நேரம் எவ்வளவு சரி? மூலம் தேடும் முறை பதினைந்து இலக்கம் வரை துல்லியம் காட்டும். அதை நம்பக் கூடாது. கோவையே தோராயம், அதற்கு அடியில் இருக்கும் மட்டத்துக்குப் படிக்கு 3 மில்லிமீட்டர் வரை பிழை அனுமதித்திருக்கிறோம். நேரப் பிழை என்பது மட்டப் பிழையை ஏறும் வேகத்தால் வகுத்தது. நிகர வரத்து வினாடிக்கு 10 கன மீட்டர் என்றால் மட்டம் மணிக்கு 9 சென்டிமீட்டர் ஏறும். 3 மில்லிமீட்டர் பிழை இரண்டு நிமிடமாகும். நிகர வரத்து 0.11 கன மீட்டர் மட்டும் என்றால் மணிக்கு ஒரு மில்லிமீட்டர்தான் ஏறும். அதே 3 மில்லிமீட்டர் இப்போது மூன்று மணி நேரம். தளத்தை உரசிக்கொண்டு போகும் மட்டத்தில் மறுகால் விழுந்ததா இல்லையா என்பதே பிழை வரம்பைப் பொறுத்து மாறும். இப்படிப்பட்ட கணக்கை வரம்பைப் பத்து மடங்கு இறுக்கி இரண்டாம் முறை ஓட்டாமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். நிகழ்வு நேரம் நகர்ந்த அளவே உண்மையான பிழைக்கு நல்ல குறி.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்று: நம் குளத்தின் மறுகாலுக்கு நிகழ்வே தேவையில்லை. 1.5-ஆம் அடுக்கு தளத்தில் சுழியத்திலிருந்து மெல்ல எழுகிறது. போக்கும் தொடர்ச்சி, அதன் முதல் வகைக்கெழுவும் தொடர்ச்சி. ‘சுழியம் அல்லது உயரம், எது பெரிதோ அது’ என்று எழுதிவிட்டால் இரண்டொரு தள்ளுபடியோடு சால்வர் தாண்டிவிடும். வாசல், அதாவது ஏதாவது ஓர் எல்லை மட்டம், கண்ட இடமெல்லாம் நிகழ்வு வைக்கும் பழக்கம் நல்லதல்ல. நிகழ்வு ஒவ்வொன்றும் ஒரு மறுதொடக்கம். சமன்பாடு குதிக்கிறதா, அல்லது அந்த நேரம் உங்களுக்கே விடையாக வேண்டுமா, இந்த இரண்டில் ஒன்று இருந்தால் மட்டும் வையுங்கள்.

மறுதொடக்கத்தில் காத்திருக்கும் கண்ணி: நிகழ்வில் நிறுத்திவிட்டு அதே மட்டத்திலிருந்து தொடங்கினால், தொடக்கத்திலேயே நிகழ்வுச் சார்பு சுழியம். சைபை அதையும் குறிமாற்றமாக எடுத்துக்கொண்டு, நகராமலே மறுபடி நின்றுவிடும். மேட்லேப் வேறு மாதிரி: முதல் படியிலேயே வரும் முடிவு நிகழ்வை முடிவாக எடுக்காமல் தொடர்ந்து ஓடும். இதனால் உண்மையாகவே முதல் படிக்குள் வரும் நிகழ்விலும் நிற்காது. சைபையின் சிக்கலுக்கு மருந்து திசையைக் குறிப்பிடுவது. ஏறும்போது பிடித்த நிகழ்வுக்குப் பிறகு, இறங்கும் நிகழ்வை மட்டும் தேடச் சொல்லுங்கள். மட்டத்தை ஒரு துளி தள்ளிவைத்துத் தொடங்குவது என்ற குறுக்கு வழி தண்ணீர்க் கணக்கைக் கெடுக்கும். வேண்டாம்.

மோட்டார் கொடி

ஊர் மேல்நிலைத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 30,000 லிட்டர். 20 சதவீதத்துக்கு இறங்கினால் மோட்டார் ஓடும், 95 சதவீதத்தில் நிற்கும். மோட்டார் வினாடிக்கு 10 லிட்டர் ஏற்றும், ஊர் 3 லிட்டர் எடுக்கும். இதை எழுதும்போது தொடக்கக்காரர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் செய்வது, வேக ஃபங்ஷனுக்குள் ‘கொடி’ என்று ஒரு பொது மாறி வைத்து, ‘மட்டம் 20-க்குக் கீழே போனால் மோட்டார் = ஆம்’ என்று மாற்றுவது. இது அடிப்படையிலேயே தவறு, ஏனென்றால் அந்த ஃபங்ஷன் கூப்பிடப்படுவதெல்லாம் நடந்த காலம் அல்ல. சால்வர் ஒரு படியை முயன்று பார்த்துத் தள்ளிவிடும். நேரம் பின்னால் போகும், கொடி பின்னால் போகாது. நடக்காத எதிர்காலத்தில் ஓடிய மோட்டார், நிகழ்காலத்திலும் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளார்ந்த முறைகளில் இன்னும் மோசம்: ஜாக்கோபியனை, அதாவது மட்டம் சற்று மாறினால் வேகம் எவ்வளவு மாறும் என்பதை, கணிக்க மட்டத்தைச் சற்றே அசைத்து அசைத்து ஃபங்ஷனைக் கூப்பிடும், அந்த அசைவிலேயே கொடி புரண்டுவிடும். ஓட்டத்துக்கு ஓட்டம், வரம்புக்கு வரம்பு விடை மாறுகிறது என்றால் இந்தக் கொடியைத் தேடுங்கள்.

வேக ஃபங்ஷன் நினைவில்லாததாக இருக்க வேண்டும். ஒரே நேரம், ஒரே மட்டம், ஒரே மோட்டார் நிலை கொடுத்தால் எப்போதும் ஒரே விடை. மோட்டார் நிலை ஓட்டம் முழுக்க மாறாத ஒரு மதிப்பாக உள்ளே போக வேண்டும். நிகழ்வில் ஓட்டம் நிற்கும், வெளியே நிலையை மாற்றுவோம், மறுபடி தொடங்குவோம்.

ஓட்டுவதற்கு முன் ஒரு கைக்கணக்கு: நிரம்ப 22,500 ÷ 7 = 3,214 வினாடி, ஏறக்குறைய 54 நிமிடம். காலியாக 22,500 ÷ 3 = 7,500 வினாடி, 125 நிமிடம். ஒரு சுற்று மூன்று மணிக்குச் சற்றுக் குறைவு. நாளைக்கு எட்டுச் சுற்று, பதினாறு நிகழ்வு. நிரல் பதினைந்தோ பதினேழோ சொன்னால் தொடக்க மட்டத்தைப் பொறுத்தது. நானூறு என்று சொன்னால் எங்கோ அதிர்கிறது, அதாவது மோட்டார் ஓடுவதும் நிற்பதுமாகப் படபடக்கிறது. எட்டு என்றால் பாதி தவறிப்போயிருக்கிறது.

இரண்டு வாசல்களுக்குப் பதில் ஒரே வாசல், 50 சதவீதம், என்று வைத்தால் என்ன ஆகும் என்பது எளிது. மோட்டார் ஓடியதும் மட்டம் வாசலைத் தாண்டும், நிற்கும், இறங்கும், ஓடும். படி சுழியத்தை நோக்கிப் போகும், நேரம் நகராது. நிஜ மோட்டாருக்கும் இது ஆகாது என்பதால்தான் மிதவை ஸ்விட்சில் இரண்டு மட்டம் வைக்கிறார்கள். மின்தடையைச் சேர்க்கிறீர்கள் என்றால், மிதவையின் கட்டளையும் மின்சாரம் இருக்கிறதா என்பதும் தனித்தனி நிலைகளாக இருக்கட்டும். ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் மின்சாரம் திரும்பும்போது மோட்டார் என்ன செய்ய வேண்டும் என்பது தொலைந்துவிடும்.

அதிர்வு ஒளிந்து வரும் இடமும் உண்டு. நம் மடையையே பாருங்கள். நீர் மட்டம் அரை மீட்டருக்குக் கீழே போனால் வாய் முழுதும் மூழ்கியிருக்காது. வர்க்கமூல வாய்ப்பாடு செல்லாது. அங்கே 1.7 × 0.5 × மட்டத்தின் 1.5-ஆம் அடுக்கு என்ற திறந்த ஓட்ட வாய்ப்பாடு வேண்டும். 0.5 மீட்டரில் முதல் வாய்ப்பாடு 0.332 கன மீட்டர் தரும், இரண்டாவது 0.3005 தரும். ஆவியாதல் போக நிகர வரத்து 0.315 என்று அமைந்தால்? எல்லைக்கு மேலே போக்கு வரத்தைவிட அதிகம், மட்டம் இறங்கும். கீழே போக்கு குறைவு, மட்டம் ஏறும். இரு பக்கமும் எல்லையை நோக்கியே தள்ளுகிறது. சால்வர் அங்கேயே மாட்டிக்கொள்ளும். நிகழ்வு வைத்தாலும் தப்பாது, நிகழ்வுகள்தான் பெருகும். இங்கே குற்றம் சால்வருடையது அல்ல, மாதிரியினுடையது. 0.5 முதல் 0.75 மீட்டர் வரை இரண்டு வாய்ப்பாடுகளையும் மட்டத்துக்கேற்ற எடையோடு கலந்தால் போக்கு தொடர்ச்சியாகிவிடும், சிக்கலும் போய்விடும். எப்போது வாய்ப்பாடு மாற்றினாலும், மாறும் இடத்தில் இரு பக்க மதிப்பையும் அச்சிட்டுப் பாருங்கள்.

குளம் வற்றும் இடம்

வர்க்கமூலத்தை மட்டும் வைத்துக் குளத்தை வற்றவிட்டால், முயற்சிக் கணக்கு ஒன்றில் மூலத்துக்குள் குறை எண் வரும். விடை ‘எண் அல்ல’. படி ஐந்தில் ஒன்றாகச் சுருங்கும், மறுபடி, மறுபடி. கடைசியில், தேவையான படி எண்களுக்கு இடையிலான இடைவெளியைவிடச் சிறியது என்று சைபை ஓட்டத்தை முடித்துவிடும். மேலே சொன்னபடி அடிப்பகுதியில் 1.5-ஆம் அடுக்கு வாய்ப்பாட்டைப் போட்டால் பாதி நோய் தீரும், ஏனென்றால் அந்த ஓட்டம் மட்டத்தைச் சுழியத்துக்கு இழுத்து முடிப்பதே இல்லை. இயற்பியலைச் சரியாக எழுதினாலே கணிதம் பல இடங்களில் தானாக அடங்கும். ஆனால் ஆவியாதல் நாளைக்கு 5 மில்லிமீட்டரை விடாமல் எடுக்கும், அது சுழியத்தைத் தாண்டும். அதனால் இரண்டும் வேண்டும்: அடுக்குக்குள் போகும் எண்ணைச் சுழியத்துக்குக் கீழே விடாத காவல், கூடவே மட்டம் ஒரு சென்டிமீட்டரில் ‘மடை வறண்டது’ என்ற நிகழ்வு. காவல் முயற்சிக் கணக்குகளைக் காப்பாற்றத்தான். அதையே நிகழ்வுக்குப் பதிலாக வைத்தால், குறை மட்டத்தில் குளம் கிடக்கும் விடைகள் வரும்.

பிழை வரம்பும் இங்கேதான் கடிக்கும். தனி வரம்பின் இயல்பு மதிப்பு 0.000001. நிலையை மட்டமாக, மீட்டரில் வைத்தால் அது ஒரு மைக்ரோமீட்டர். கொள்ளளவாக, கன மீட்டரில் வைத்தால் ஒரு கன சென்டிமீட்டர். 12 லட்சம் கன மீட்டர் குளத்துக்கு ஒரு கன சென்டிமீட்டர் துல்லியம்! குளம் நிறைந்திருக்கும்போது சார்பு வரம்பு 1,200 கன மீட்டர் என்று தாராளமாக விடும், வற்றும்போது தனி வரம்பு ஒவ்வொரு துளிக்கும் படியைச் சுருக்கும். தனி வரம்பு என்பது ‘இதற்குக் கீழே எனக்குக் கவலையில்லை’ என்ற அளவு. மட்டத்துக்கு 0.0001 மீட்டர், கொள்ளளவுக்கு அதற்கு ஈடான 40 கன மீட்டர் தாராளமாகப் போதும்.

மொத்த வரத்து, மொத்த மறுகால் போன்ற கூட்டுத்தொகைகளையும் நிலைகளாகச் சேர்ப்பது நல்ல பழக்கம். தொடக்கக் கொள்ளளவு + வரத்து − போக்கு − இறுதிக் கொள்ளளவு சுழியமாகிறதா என்று பார்க்கலாம். ஆனால் சைபை பிழைகளை வர்க்கச் சராசரியாகச் சேர்க்கிறது. நான்கு நிலைகளில் மூன்று சாதுவாக இருந்தால், நான்காவதில் இரண்டு மடங்கு பிழை வந்தாலும் சராசரி 1-க்குள் அடங்கிவிடும். மேட்லேப் இயல்பாக மிகப் பெரிய பிழையையே எடுக்கிறது, அங்கே இந்த நீர்த்துப்போதல் இல்லை.

காற்றாலைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கயத்தாறு, ராதாபுரம் பக்கம் நிற்கும் இயந்திரங்களை மாதிரி செய்யும்போது வரும் விதி பெரும்பாலும் ‘காற்று வினாடிக்கு 25 மீட்டரை இத்தனை நிமிடம் தொடர்ந்து தாண்டினால் நிறுத்து’ என்ற மாதிரி இருக்கும். இது ஒரே நிகழ்வு அல்ல. தாண்டியதும் ஒரு நிகழ்வு. அப்போது கடிகாரம் தொடங்கி, எதிர்காலத்தில் ஒரு நேர நிகழ்வைக் குறித்துவைக்க வேண்டும். அதற்குள் காற்று இறங்கினால் குறித்ததை அழிக்க வேண்டும். ‘எவ்வளவு நேரமாகத் தாண்டியிருக்கிறது’ என்பதை வேக ஃபங்ஷனுக்குள் எண்ணத் தொடங்கினால் மோட்டார் கொடியின் கதைதான்.

ஒரு குளத்து மறுகால் அடுத்த குளத்துக்கு வரத்து என்பது இந்தச் சீமையின் அமைப்பு. மறுகால்குறிச்சி, மறுகால்தலை என்று ஊருக்கே பெயர் உண்டு. பத்துக் குளத்தைத் தொடுத்து மாதிரி செய்தால் ஒரே படிக்குள் இரண்டு மூன்று நிகழ்வுகள் விழும். மிக முந்தியதை மட்டும் எடுத்து, அங்கே நிறுத்தி, மற்றவற்றை மறந்துவிட வேண்டும். மேலே ஒன்று மாறியதும் கீழே உள்ளவற்றின் நேரமும் மாறிவிடும், மறுதொடக்கத்தில் தானாக மறுபடி அகப்படும். சரியாக ஒரே நேரத்தில் இரண்டு வந்தால், மேல் குளத்திலிருந்து கீழ் குளம் வரை ஒரு நிலையான வரிசையில் மாற்றங்களைச் செய்து, எல்லா நிபந்தனைகளையும் மறுபடி பார்க்க வேண்டும், எதுவும் மாறாத வரை. பத்துச் சுற்றுக்கு மேல் போனால் நிறுத்திப் பிழை சொல்லுங்கள். அங்கே இரண்டு விதிகள் ஒன்றையொன்று புரட்டிக்கொண்டிருக்கின்றன.

இவற்றையெல்லாம் சேர்ப்பதற்கு முன் ஒரு சோதனை ஓட்டம். வரத்து, ஆவியாதல் இரண்டையும் சுழியமாக்கி, மடையை மட்டும் திறந்து, மட்டத்தை 3 மீட்டரிலிருந்து இறங்கவிடுங்கள். 1 மீட்டரில் நிற்கும்படி இறங்கு திசையில் ஒரு முடிவு நிகழ்வு. கையால் தொகையிட்டால் 9,53,960 வினாடி, அதாவது 11.04 நாள் வர வேண்டும். இயல்பு வரம்பில் ஒன்று, ஆயிரம் மடங்கு இறுக்கி ஒன்று என இரண்டையும் அதோடு ஒப்பிடுங்கள். பிறகு 60-ஆவது மணியில் அந்த மூன்று மணி வெள்ளத்தைத் துண்டு பிரித்துச் சேர்த்து ஓட்டி, உள்ளே வந்தது 3,24,000 கன மீட்டர்தானா என்று கூட்டுத்தொகை நிலையில் பாருங்கள்.